மூன்று தொல்லைகள், மூன்று காரணங்கள்: ஷாக் அப்சார்பர் வாங்குவதற்கு முன்

வாசகர் கேள்வி:

என்னிடம் 2017-ஆம் ஆண்டு டொயோட்டா ஃபார்ச்சூனர் இருக்கிறது. 2.8 லிட்டர் டீசல், ஆட்டோமேட்டிக், டூ வீல் டிரைவ். 1,12,000 கி.மீ. ஓடியிருக்கிறது. பொள்ளாச்சியில் குடியிருக்கிறேன், வால்பாறைக்கு அப்பால் உள்ள எங்கள் சிறிய காபித் தோட்டத்துக்கு மாதம் நான்கைந்து முறை போய்வருவேன். மலைப்பாதையில் வண்டி பக்கவாட்டில் அதிகமாக ஆடுவதாலும், ஸ்பீடு பிரேக்கரைத் தாண்டியபின் இரண்டு மூன்று முறை குதிப்பதாலும், ஒரு கடையில் காட்டினேன். அவர்கள் முன்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டையும் கழற்றிவிட்டு, "ஹெவி டியூட்டி" என்று சொல்லி வேறு இரண்டைப் போட்டார்கள். அதன்பிறகு ஆட்டம் குறையவில்லை. புதிதாக, சிறு மேடு பள்ளங்களில் மெதுவாகப் போகும்போது முன்னால் 'டொக் டொக்' என்ற சத்தம் கேட்கிறது. வண்டி இடப்பக்கம் இழுக்கிறது. சவாரியும் முன்பைவிடக் கடினமாகிவிட்டது. சில சமயம் பின்னால் 6 உர மூட்டைகள் ஏற்றுவோம். அப்போது பின்பக்கம் தாழ்ந்து நிற்கிறது. பின்பக்கத்துக்கும் அதே ஹெவி டியூட்டி போட்டு, வண்டியை 2 அங்குலம் உயர்த்திவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று கடையில் சொல்கிறார்கள். ஆயில் நல்லதா, கேஸ் நல்லதா? பழையதையே ரீகண்டிஷன் செய்து போடலாமா? என் தாயார் கடைசி வரிசையில் உட்கார்ந்து வந்தால் மிகவும் அவதிப்படுகிறார்.

பதில்:

அன்புள்ள வாசகருக்கு வணக்கம்.

சத்தம் எப்போது வருகிறது, எந்த வேகத்தில் வருகிறது, எதைச் செய்தபிறகு தொடங்கியது என்பதையெல்லாம் தெளிவாக எழுதியிருக்கிறீர்கள். இருபத்து நான்கு ஆண்டுகளாக வண்டிகளின் அடிப்பகுதியில் படுத்து வேலை செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன், கோளாறைக் கண்டுபிடிக்கும் வேலையில் பாதி அந்த விவரங்களிலேயே முடிந்துவிடுகிறது. பின்பக்கத்துக்கு எதையும் வாங்க இன்னும் பணம் கொடுக்காமல் இருந்தால், தயவுசெய்து ஒரு வாரம் பொறுத்திருங்கள். நீங்கள் சொல்லும் ஆட்டம், சத்தம், இழுப்பு ஆகிய மூன்றுக்கும் காரணங்கள் வெவ்வேறு என்று நினைக்கிறேன். அவற்றுள் ஒன்றுக்கு மட்டுமே புதிய ஷாக் அப்சார்பர் மருந்து. மற்ற இரண்டும் பெரும்பாலும் பொருத்திய விதத்தில் ஏற்பட்ட குறைகள். எவ்வளவு விலை கொடுத்து எதை வாங்கிப் போட்டாலும், அதே முறையில் பொருத்தினால் அதே குறைகள் திரும்ப வரும்.

முதலில் ஓர் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் கடையில் உங்களுக்குக் கிடைத்த ஆலோசனை இதைத் தலைகீழாக வைத்துக்கொண்டு சொல்லப்பட்டிருக்கிறது. வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். ஷாக் அப்சார்பர் எடையைத் தாங்குவதே இல்லை. மேட்டில் ஏறி அமுங்கிய ஸ்பிரிங் திரும்ப விரியும்போது ஏற்படும் குதிப்பை அடக்குவது மட்டுமே அதன் வேலை. உள்ளே இருக்கும் பிஸ்டன், எண்ணெயைச் சிறு துளைகள் வழியாகவும் வால்வுகள் வழியாகவும் தள்ளிச் செல்கிறது. அந்தத் தடையினால் ஸ்பிரிங்கின் ஆற்றல் வெப்பமாக மாறிக் காற்றில் கலந்துவிடுகிறது. அடக்குவதற்கு ஆள் இல்லாவிட்டால், இத்தகைய வண்டியின் உடல் ஏறத்தாழ ஒரு வினாடிக்கு ஒரு முறைக்குச் சற்று அதிகமாக மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் ஒரு வினாடியில் வண்டி கிட்டத்தட்ட 17 மீட்டர் முன்னேறிவிடுகிறது. மூன்று முறை குதித்து அடங்கும் வண்டி, 40 மீட்டருக்கு மேற்பட்ட தூரம் டயர்கள் சாலையைச் சீராக அழுத்தாத நிலையில் ஓடுகிறது. அந்தத் தூரத்துக்குள் பிரேக் பிடிக்க நேர்ந்தால் வண்டி வழக்கத்தைவிடத் தள்ளித்தான் நிற்கும். ஆகவே இதைச் சொகுசு பற்றிய கேள்வியாக மட்டும் எண்ணாமல், பிரேக் பற்றிய கேள்வியாகவும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆழியாற்றிலிருந்து வால்பாறை வரை 40 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள பாதையில் நீங்கள் மாதம் பலமுறை இறங்குகிறீர்கள்.

இப்போது ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். கடையில் முன்பக்கத்தை மாற்றினார்கள், ஆனால் ஆட்டம் குறையவில்லை என்பதிலிருந்தே பின்பக்க ஷாக் அப்சார்பர்கள்மீது என் சந்தேகம் போகிறது. அவை 2017-இல் ஆலையிலிருந்து வந்தவை. மலைப்பாதையிலும் தோட்டத்துக் கற்சாலையிலும் மூட்டை எடையுடன் 1,12,000 கி.மீ. உழைத்திருக்கின்றன. இத்தனை கி.மீ.க்கு ஒருமுறை மாற்றியே ஆகவேண்டும் என்று எல்லா வண்டிக்கும் பொருந்தும் ஒரு கணக்கு கிடையாது. நெடுஞ்சாலையில் மட்டும் ஓடிய வண்டியில் ஒன்றரை லட்சம் கி.மீ. தாண்டியும் நன்றாக இருந்த ஷாக்குகளைப் பார்த்திருக்கிறேன். எஸ்டேட் வண்டிகளில் 60,000 கி.மீ.யில் செத்துப்போனவற்றையும் பார்த்திருக்கிறேன். எனவே வயதைப் பார்த்து முடிவு செய்யாமல், சோதித்து முடிவு செய்யுங்கள்.

வண்டியின் ஓரத்தைக் கையால் அழுத்திவிட்டு எத்தனை முறை ஆடுகிறது என்று எண்ணும் பழைய சோதனையை எல்லோரும் செய்வார்கள். இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டியில் அதை நான் பெரிதாக நம்புவதில்லை. ஷாக் அப்சார்பரின் தடை, பிஸ்டன் நகரும் வேகத்தைப் பொறுத்தது. கை அழுத்தத்தில் கிடைக்கும் மெதுவான அசைவில், பாதி செத்த ஷாக்கும் நல்லதைப் போலவே நடந்துகொள்ளும். முழுதும் செத்ததை மட்டுமே அந்தச் சோதனை காட்டிக்கொடுக்கும்.

அதைவிட நம்பகமான ஒரு சோதனை, செலவே இல்லாதது. தோட்டத்துக் கற்சாலையில் இருபது நிமிடம் ஓட்டிவிட்டுச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, எஞ்சினை அணைத்துவிட்டு, பின்பக்க ஷாக் இரண்டின் உடலையும் புறங்கையால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். சைலன்சர் குழாய் அருகிலேயே கொதித்துக்கொண்டிருக்கும் என்பதால் கவனம் தேவை. வேலை செய்யும் ஷாக் நன்றாகச் சூடாக இருக்கும், ஏனெனில் குதிப்பின் ஆற்றலை அது வெப்பமாக மாற்றியிருக்கிறது. ஒன்று சூடாகவும் மற்றொன்று வெதுவெதுப்பாகவும் இருந்தால், வெதுவெதுப்பானது வேலை செய்யவில்லை. இரண்டுமே குளிர்ந்திருந்தால் இரண்டுமே ஓய்ந்துவிட்டன என்று கொள்ளலாம்.

அடுத்து எண்ணெய்க் கசிவைப் பாருங்கள். பிஸ்டனோடு இணைந்த கம்பியான ராடு வெளிவரும் இடத்தில் மெல்லிய ஈரப்பூச்சும் அதில் ஒட்டிய புழுதியும் இருந்தால் அது இயல்பு. ராடுக்கு வழுவழுப்புத் தரும் எண்ணெய்ப்படலம் சிறிதளவு வெளியே வருவது எல்லா ஷாக்கிலும் உண்டு. அதைக் காட்டி "லீக் ஆகிவிட்டது" என்று சொல்லி மாற்றச்சொல்பவர்கள் இருக்கிறார்கள்; ஏமாறவேண்டாம். உடலின் பாதிக்கு மேல் எண்ணெய் வழிந்து சொட்டும் நிலையில் இருந்தால்தான் அது உண்மையான கசிவு. பின் டயரின் மேற்பரப்பில் உள்ளங்கையை வைத்துச் சுற்றிலும் தடவிப் பாருங்கள்; சீராக இல்லாமல் குழி குழியாகத் தேய்ந்திருந்தால், டயர் சாலையைவிட்டுத் துள்ளித் துள்ளி ஓடியிருக்கிறது என்று பொருள்.

ஒரு விஷயத்தை மட்டும் கூடுதலாகப் பார்க்கச் சொல்வேன். உங்கள் வண்டியின் பின்பக்கம் ஒரே அச்சாக இருக்கும் ஆக்சில். அதை முன்பின்னாக நான்கு இணைப்புத் தண்டுகளும், பக்கவாட்டில் ஒரு குறுக்குத் தண்டும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அந்தக் குறுக்குத் தண்டின் முனைகளில் உள்ள ரப்பர் புஷ் (இணைப்பில் அதிர்வைத் தாங்கும் ரப்பர் உருளை) தளர்ந்துபோனால், வளைவுகளில் பின்பக்கம் ஒரு நொடி தாமதித்துச் சரிவதைப் போன்ற உணர்வு வரும். ஸ்பீடு பிரேக்கரில் குதிப்பது ஷாக்கின் குற்றம். வளைவில் மட்டும் பக்கவாட்டில் நழுவுவதுபோல் இருந்தால் அது இந்த புஷ்ஷின் குற்றமாகவும் இருக்கலாம். ஒருவர் வண்டியின் உடலைப் பக்கவாட்டில் தள்ளி ஆட்ட, இன்னொருவர் கீழே விளக்குடன் அந்த இரண்டு முனைகளையும் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

முன்பக்கச் சத்தத்தைப் பற்றி விரிவாக எழுதவேண்டியிருக்கிறது. புதிய ஷாக் போட்டபிறகு தொடங்கிய சத்தம் என்றால், நான் முதலில் ஷாக்கைச் சந்தேகிக்கமாட்டேன். பொருத்திய கையைத்தான் சந்தேகிப்பேன். சிறு மேடு பள்ளங்களில் மெதுவாகப் போகும்போது கேட்கும் 'டொக் டொக்', எங்கோ ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு இடைவெளி இருப்பதன் அடையாளம். பெரிய பள்ளத்தில் சக்கரம் விழும்போது மட்டும் ஒரே ஒரு அடி விழுந்தால், ஷாக் முழுதும் விரிந்து முட்டுகிறது என்று கொள்ளலாம். பெரிய மேட்டில் ஏறும்போது ஒரே அடி என்றால், முழுதும் அமுங்கி, அமுங்கலுக்கு எல்லை வைக்கும் தடுப்பான பம்ப் ஸ்டாப்பரில் முட்டுகிறது. நீங்கள் எழுதியிருப்பது இவை இரண்டும் அல்ல.

உங்கள் வண்டியின் முன்பக்கத்தில் ஷாக்கைச் சுற்றியே காயில் ஸ்பிரிங் அமைந்திருக்கிறது. ஷாக்கை மாற்றவேண்டுமானால் முழுத் தொகுதியையும் வெளியே எடுத்து, ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடித்து, மேலே உள்ள நட்டைக் கழற்றி, புதிய ஷாக்கை நுழைத்து, மீண்டும் கட்டவேண்டும். இந்த வேலையில் தவறு நேரக்கூடிய இடங்கள் பல. ஸ்பிரிங்கின் கீழ்முனை, தட்டில் அதற்கென்று இருக்கும் படியில் சரியாகப் பொருந்தாமல் விலகி நின்றால், ஒவ்வொரு அசைவிலும் தட்டும். மேலே உள்ள ரப்பர் மவுண்ட் பழசாகி அமுங்கிப்போயிருக்க, அதையே திரும்பப் போட்டிருந்தாலும் தட்டும். மேல் நட்டை ஏர் கன்னால் முடுக்கும்போது ராடு சேர்ந்து சுழன்றுவிடும். நட்டு இறுகியதாகத் தோன்றும், ஆனால் இறுகியிருக்காது. சிலர் ராடு சுழலாமல் இருக்கக் குறடால் அதைக் கவ்விப் பிடிப்பார்கள். கண்ணாடிபோல் வழுவழுப்பாக இருக்கவேண்டிய அந்தக் குரோம் பரப்பில் விழும் ஒரு சிறு கீறல், ஆயில் சீலைச் சில ஆயிரம் கி.மீ.யிலேயே அறுத்துவிடும். டஸ்ட் கவரைத் தூக்கி ராடைப் பாருங்கள்; பல் தடம் தெரிந்தால் அந்த ஷாக்கின் ஆயுள் முடிந்துவிட்டது, அதைக் கடைக்காரரிடம் காட்டி மாற்றித் தரக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

பலரும் அறியாத இன்னொரு காரணமும் உண்டு. ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு குழாய்கள் கொண்ட இரட்டைக் குழாய் ஷாக்குகள் கிடங்கில் படுக்கவைத்தே வைக்கப்பட்டிருக்கும். அப்போது வெளிக்குழாயில் இருக்கவேண்டிய வாயு உள்குழாய்க்குள் புகுந்துவிடும். பொருத்துவதற்கு முன் ஷாக்கைச் செங்குத்தாக நிறுத்தி, நான்கைந்து முறை முழுதும் அழுத்தி விரித்து, அந்த வாயுவை வெளியேற்றவேண்டும். அப்படிச் செய்யாமல் மாட்டிவிட்டால், பிஸ்டன் ஒவ்வொரு அசைவிலும் சிறிது தூரம் தடையின்றி ஓடி, பிறகு எண்ணெயில் முட்டும். அதுவும் 'டொக்' என்றுதான் கேட்கும். பெரும்பாலும் சில நாள் ஓட்டத்தில் தானாக அடங்கிவிடும். உங்களுக்கு அடங்கவில்லை என்பதால் மற்ற காரணங்களையும் பார்க்கவேண்டியிருக்கிறது.

சவாரி கடினமானதற்கும் பொருத்திய முறையே ஒரு காரணமாக இருக்கலாம். வண்டியை ஜாக்கியில் தூக்கி, சக்கரங்கள் தொங்கிக்கொண்டிருக்கும் நிலையிலேயே ஷாக்கின் கீழ் போல்ட்டையும், கழற்றியிருந்தால் லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழ்ப்பக்கத்தில் வண்டியோடு இணைக்கும் கை) போல்ட்டுகளையும் முழுதும் இறுக்கிவிடும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அந்த புஷ்களில் ரப்பர் இரும்போடு ஒட்டவைக்கப்பட்டிருக்கிறது. அது சுழலாது, முறுக்கிக்கொள்ளும். தொங்கும் நிலையில் இறுக்கிவிட்டு வண்டியைக் கீழே இறக்கினால், ரப்பர் எந்நேரமும் முறுக்கிய நிலையிலேயே இருந்து, சவாரியை விறைப்பாக்கி, சீக்கிரமே கிழிந்தும் போகும். சக்கரம் தரையில் நின்று, வண்டியின் எடை முழுதும் இறங்கியபிறகே, நிறுவனம் குறிப்பிடும் அளவுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சால் இறுக்கவேண்டும். இப்போதும் தாமதமாகிவிடவில்லை. அந்த போல்ட்டுகளைத் தளர்த்தி, வண்டியைத் தரையில் நிறுத்தி, இரண்டு மூன்று முறை அமுக்கிவிட்டு, மறுபடி இறுக்கச் சொல்லுங்கள். ஒரு ரூபாய்ப் பொருளும் வாங்காமல் பாதிக் கடினம் குறைந்துபோன வண்டிகளைப் பார்த்திருக்கிறேன்.

இவற்றையெல்லாம் சரிபார்த்த பிறகும் சத்தம் இருந்தால், வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் தண்டின் இணைப்புகளான ஸ்டெபிலைசர் லிங்க் இரண்டையும் கழற்றிக் கட்டிவைத்துவிட்டு, ஊருக்குள் அதே சாலையில் மிக மெதுவாக ஓட்டிப் பார்க்கலாம். சத்தம் நின்றுவிட்டால் லிங்க்தான் குற்றவாளி. இந்த நிலையில் வண்டியை மலைக்கு எடுத்துச் செல்லவே கூடாது. சோதனை முடிந்ததும் உடனே மாட்டிவிடவேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கையைச் சொல்லாமல் போக என் மனம் இடம்தரவில்லை. அமுக்கிய முன்பக்க ஸ்பிரிங்கில் அடங்கியிருக்கும் விசை ஆளைக் கொல்லப் போதுமானது. நான் வேலை பழகிய நாட்களில், ஒரு பட்டறையில் முறையான கம்ப்ரஸர் இல்லாமல் இரும்புக் கம்பியைச் சுற்றி ஸ்பிரிங்கைக் கட்டி மேல் நட்டைக் கழற்றினார்கள். கம்பி அறுந்து, ஸ்பிரிங் கூரைத் தகரத்தில் போய் அடித்து ஒரு பள்ளத்தை உண்டாக்கியது. என் வயதுப் பையன் ஒருவன் அதற்கு ஒரு நொடி முன்புதான் சாவி எடுக்கக் குனிந்திருந்தான். அந்தப் பள்ளத்தை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. நீங்கள் வேலை கொடுக்கும் இடத்தில் ஸ்பிரிங் கம்ப்ரஸர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் வேறு இடத்துக்குப் போங்கள். அங்கே வேலை செய்யும் இளைஞர்களின் உயிரும் உங்கள் முடிவில் இருக்கிறது.

இடப்பக்கம் இழுப்பதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். உங்கள் வண்டியின் லோயர் ஆர்ம் போல்ட்டுகளில்தான் கேம்பர் (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாயும் கோணம்), காஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சு முன்பின்னாகச் சாயும் கோணம்) ஆகியவற்றைச் சரிசெய்யும் கேம் அமைப்பு இருக்கிறது. ஷாக்கை வெளியே எடுக்க வசதியாக அவற்றைத் தளர்த்திவிட்டு, அடையாளக் கோடு போட்டுக்கொள்ளாமல் திரும்ப இறுக்கியிருந்தால் கோணங்கள் கட்டாயம் மாறியிருக்கும். அலைன்மென்ட் பார்க்கச் சொல்லும்போது டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் கோணம்) மட்டும் சரிசெய்து அனுப்பிவிடாமல், மூன்று கோணங்களையும் அளந்து அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்குங்கள். ஸ்பிரிங்குகளை இடம் வலம் மாற்றிப் போட்டிருக்கிறார்களா என்றும் கேளுங்கள். பழைய ஸ்பிரிங்குகள் இருந்த பக்கத்துக்கே திரும்பப் போவதுதான் நல்லது. இரண்டு முன் டயர்களையும் பக்கம் மாற்றிப் போட்டு ஓட்டும்போது இழுப்பு வலப்பக்கம் மாறினால் குற்றம் டயரில் இருக்கிறது.

இனி, எதை வாங்குவது என்ற கேள்விக்கு வருகிறேன். "ஹெவி டியூட்டி" என்பது பெட்டியின்மேல் அச்சிடும் சொல். அது ஓர் அளவு அல்ல. ஒரு ஷாக் எவ்வளவு இறுக்கமாக இருக்கவேண்டும் என்பதை, அது அடக்கவேண்டிய ஸ்பிரிங்கும் அந்த ஸ்பிரிங் தாங்கும் எடையும் தீர்மானிக்கின்றன. அவற்றுக்குத் தேவையானதைவிட இறுக்கமான ஷாக், சிறு கற்களின் அதிர்வைக்கூட நேராக உள்ளே அனுப்பும். கரடுமுரடான சாலையில் டயர் தரையைப் பின்தொடர முடியாமல் துள்ளும். விரியும்போது தடை அளவுக்கு மீறி இருந்தால், அடுத்தடுத்த மேடுகளில் ஸ்பிரிங் முழுதும் விரிய நேரம் கிடைக்காமல் வண்டி மெல்ல மெல்லத் தாழ்ந்துகொண்டே போகும். முன்பக்கம் இறுக்கமாகவும் பின்பக்கம் ஓய்ந்தும் இருக்கும் உங்கள் வண்டி இப்போது இரண்டு வகைத் துன்பத்தையும் ஒருசேர அனுபவிக்கிறது.

ஆயிலா, கேஸா என்ற கேள்வியே சற்றுத் தவறாகப் பரவிவிட்டது. எல்லா ஷாக்கிலும் தடையைத் தருவது எண்ணெய்தான். கேஸ் ஷாக் என்பது அந்த எண்ணெயின்மேல் நைட்ரஜன் வாயு அழுத்தம் கொடுத்து, வேகமான அசைவில் எண்ணெய் நுரைத்துப்போகாமல் காப்பது. நுரைத்த எண்ணெய் தடை தராது. நீண்ட கற்சாலையில் பாதித் தூரத்துக்குப் பிறகு வண்டி தளர்ந்துபோனதுபோல் தோன்றுவது அதனால்தான். உங்கள் சாலைக்குக் கேஸ் வகை தேவை. அதிலும் இரட்டைக் குழாயில் குறைந்த அழுத்தம் கொண்டது ஒன்று, ஒற்றைக் குழாயில் அதிக அழுத்தம் கொண்டது மற்றொன்று. ஒற்றைக் குழாயில் எண்ணெய்க்கும் வெளிக்காற்றுக்கும் நடுவே ஒரே சுவர் இருப்பதால் சீக்கிரம் குளிரும். கையாளலும் துல்லியமாக இருக்கும். ஜெர்மனியின் பில்ஸ்டீன் நிறுவனம் 1957-இல் மெர்சிடிஸ் பென்ஸ் கார்களுக்காகப் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கியது இந்த வகையைத்தான். ஆனால் அந்த ஒரே சுவரில்தான் பிஸ்டன் உரசி ஓடுகிறது. தெறிக்கும் கல் ஒன்று அதில் நசுங்கல் ஏற்படுத்தினால் பிஸ்டன் அங்கே சிக்கிவிடும். இரட்டைக் குழாயில் வெளிச்சுவர் நசுங்கினாலும் உள்ளே வேலை நடக்கும். தோட்டத்துக் கற்சாலையில் ஓடும் உங்கள் வண்டிக்கு, நிறுவனத்தின் அசல் அளவிலான இரட்டைக் குழாய்க் கேஸ் ஷாக்கையே நான் பரிந்துரைப்பேன். டொயோட்டாவின் அசல் பாகம், அல்லது கேஒய்பி, மன்றோ போன்ற பெயர்பெற்ற தயாரிப்பாளர்கள் இதே வண்டிக்கென்று பட்டியலிட்டிருக்கும் பாகம், இரண்டில் எது கிடைத்தாலும் போதும்.

வாங்கும்போது வண்டியின் பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள், ஆர்.சி. புத்தகத்தில் உள்ள 17 எழுத்து சேஸிஸ் எண்ணைக் கொடுத்துப் பாக எண்ணைக் கேட்டு வாங்குங்கள். டீசல் எஞ்சினுக்கும் பெட்ரோல் எஞ்சினுக்கும் முன்பக்க எடை வேறு. இன்னோவா கிரிஸ்டாவும் ஃபார்ச்சூனரும் நெருங்கிய உறவுள்ள வண்டிகள் என்பதால், "அதே துளைதான் சார், அப்படியே உட்காரும்" என்று சொல்லி ஒன்றின் ஷாக்கை மற்றொன்றுக்குத் தருபவர்கள் உண்டு. துளை பொருந்தலாம், உள்ளே இருக்கும் வால்வு வேறு எடைக்காக அமைக்கப்பட்டது. பெயர்பெற்ற நிறுவனங்களின் பெட்டியில் போலிகளும் உலவுகின்றன, ஆகவே ஜி.எஸ்.டி. பில் இல்லாமல் வாங்காதீர்கள். எப்போதும் ஓர் அச்சின் இரு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். பின்பக்கத்துக்கு ஷாக்குடன் அதன் ரப்பர் புஷ்களையும், முன்பக்கத்தைத் திரும்பக் கழற்ற நேர்ந்தால் மேல் மவுண்ட், பம்ப் ஸ்டாப்பர், டஸ்ட் கவர் மூன்றையும் புதிதாகப் போடுங்கள்.

ரீகண்டிஷன் செய்வதைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். கழற்றிச் சேவை செய்யும்படி வடிவமைக்கப்பட்ட ஷாக்குகளுக்கு அது முறையான வேலை. உங்கள் வண்டியில் இருப்பது முழுதும் மூடி முத்திரையிட்ட வகை. அதைத் துளையிட்டு, கிடைத்த எண்ணெயை ஊற்றி, வெல்டிங் வைத்து அடைத்துத் தருகிறார்கள். உள்ளே நைட்ரஜன் இருக்காது, எண்ணெயின் பாகுத்தன்மை சரியாக இருக்காது, தேய்ந்த வால்வு தேய்ந்தபடியே இருக்கும். ஓரிரு மாதம் கெட்டியாகத் தோன்றிவிட்டு ஓய்ந்துவிடும். கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும் வண்டிக்கு இதை நான் ஒருபோதும் சம்மதிக்கமாட்டேன்.

உர மூட்டை ஏற்றும்போது பின்பக்கம் தாழ்வதைப் புதிய ஷாக் சரிசெய்யாது என்பது மேலே சொன்னதிலிருந்தே விளங்கும். யூரியா மூட்டை ஒன்று 45 கிலோ. ஆறு மூட்டை என்றால் 270 கிலோ. அதனுடன் ஆட்களும் ஏறினால் பின்பக்கம் தாழத்தான் வேண்டும். கேள்வி, இறக்கியபிறகு பழைய உயரத்துக்குத் திரும்புகிறதா என்பதே. வெறும் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை நான்கு பக்கமும் டேப்பால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பின்பக்கம் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இருந்தாலோ, ஒரு புதிய வண்டியின் அளவைவிட வெகுவாகக் குறைந்திருந்தாலோ ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது; அப்போது ஸ்பிரிங்கை இரட்டையாக மாற்றுங்கள். அளவு சரியாக இருந்தால் ஸ்பிரிங் நன்றாக இருக்கிறது, மூட்டைகளைப் பின்கதவோரம் அடுக்காமல் நடுவரிசைக்கு நெருக்கமாகத் தள்ளி அடுக்கினாலே பெரும் வித்தியாசம் தெரியும்.

இரண்டு அங்குலம் உயர்த்தும் யோசனையைக் கைவிடுமாறு உங்களை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். வால்பாறைச் சாலைக்கு இந்த வண்டியின் உயரம் ஏற்கெனவே போதும். உயர்த்தினால் எடைமையம் மேலேறி, நீங்கள் எதைக் குறைக்க நினைக்கிறீர்களோ அந்தப் பக்கவாட்டு ஆட்டம் கூடும். முன்பக்கத்தில் இடைவெளித் தகடு வைத்து உயர்த்தும் முறையில், சக்கரம் கீழே இறங்குவதற்கான தூரம் குறைந்து, பள்ளங்களில் ஒவ்வொரு முறையும் ஷாக் முழுதும் விரிந்து முட்டும். சக்கரம் திரும்பவும் மேலும் கீழும் அசையவும் உதவும் உருண்டை இணைப்புகளான பால் ஜாயின்ட்டுகளின் கோணமும் கெடும். சட்டத்தையும் நினைவில் கொள்ளுங்கள். தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து வண்டி மாறுபடும்படி மாற்றம் செய்வதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தடுக்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் கேட்கும் முதல் கேள்விக்கே பதில் இல்லாமல் நிற்கவேண்டிவரும்.

ஆகவே நான் உங்கள் இடத்தில் இருந்தால், முதல் நாள் முன்பக்க வேலையை அதே ஷாக்குகளுடன் முறையாகத் திரும்பச் செய்யச் சொல்வேன். அன்றே குறுக்குத் தண்டின் புஷ்ஷையும் பார்க்கச் சொல்வேன். சோதனையில் பின்பக்க ஷாக் ஓய்ந்தது உறுதியானால், அசல் அளவிலான இரண்டைப் போட்டு, எல்லா வேலையும் முடிந்தபிறகே அலைன்மென்ட் பார்ப்பேன். டயர் காற்றை ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அட்டையின்படி வைப்பேன். கூடுதல் காற்றையே கெட்ட ஷாக் என்று எண்ணி வருபவர்கள் பலர். இத்தனைக்கும் பிறகு முன்பக்கம் இன்னும் கடினமாக இருந்தால் மட்டும், அந்த ஹெவி டியூட்டி இரண்டையும் எடுத்துவிட்டு அசல் அளவுக்குத் திரும்புவேன். பொருத்தி 1,000 கி.மீ. ஆனதும் எல்லா போல்ட்டுகளின் இறுக்கத்தையும் ஒருமுறை சரிபார்க்கவேண்டும்.

வேலை முடியும்வரை மூட்டை ஏற்றி மலைக்குப் போகாதீர்கள். இறங்கும்போது கியரைக் குறைத்து எஞ்சினின் தடையை நம்பி, பிரேக்கைக் குறைவாகப் பயன்படுத்துங்கள். உங்கள் தாயாரை நடுவரிசையில் உட்காரவையுங்கள். கடைசி வரிசை பின் ஆக்சிலின்மேல் அமைந்திருப்பதால், பின்பக்கக் குதிப்பு முழுவதும் அங்கேதான் போய்ச் சேருகிறது. நல்ல ஷாக் போட்ட பிறகும் வளைவுப் பாதையில் அந்த இடம் வயதானவர்களுக்கு ஏற்றதல்ல.

நான்கு பக்க உயர அளவுகளையும், வெப்பச் சோதனையில் எது சூடாக இருந்தது என்பதையும், அலைன்மென்ட் தாளில் உள்ள எண்களையும் குறித்து எழுதி அனுப்புங்கள். வேலை முடிந்தபிறகு அட்டகட்டிக்குக் கீழே நீங்கள் வழக்கமாகக் குதிப்பை உணரும் அதே இடத்தில், அதே வேகத்தில், அதே எண்ணிக்கையில் ஆட்களுடன் ஓட்டிப் பார்த்து, வண்டி எத்தனை முறை ஆடி அடங்குகிறது என்பதையும் எழுதுங்கள். ஒருமுறைக்கு மேல் ஆடினால், அடுத்து எதைப் பார்க்கவேண்டும் என்பதை அந்த எண்களை வைத்துச் சொல்கிறேன்.